பெராக்சைடு குடித்துவிட்டால்: காத்திருப்பதா, ஆக்சிஜனா, அழுத்த அறையா?

அடர்த்தியான ஹைட்ரஜன் பெராக்சைடைக் கண்ணால் பார்த்தால் தண்ணீருக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. நிறமில்லை, மணமும் அநேகமாக இல்லை. திருப்பூர் வட்டாரத்தில் பருத்தித் துணியை வெளுக்க 50% பெராக்சைடு கேன் கேனாக வந்து இறங்குகிறது. அதில் கொஞ்சத்தை யாராவது ஒரு பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்துவிட்டால் போதும், தாகத்தோடு வருகிற அடுத்த ஆள் எடுத்து ஒரு மடக்கு விழுங்கிவிடலாம். அமெரிக்காவில் இதே விபத்து சமையலறைக் குளிர்சாதனப் பெட்டியில் நடக்கிறது. அங்கே 35% பெராக்சைடை 'உணவுத் தரம்' என்ற பெயரில் விற்று, சில சொட்டுகளைத் தண்ணீரில் கலந்து குடித்தால் உடம்பில் ஆக்சிஜன் ஏறும், புற்றுநோய்கூடப் போகும் என்று மாற்று மருத்துவ வியாபாரிகள் நம்பவைத்தார்கள். வாங்கியவர்கள் அதைக் குளிரில் வைத்தார்கள்; வீட்டில் இன்னொருவர் தண்ணீர் என்று எண்ணிக் குடித்தார். அடர்த்தியான பெராக்சைடை மருந்தாகக் குடிக்க வேண்டாம் என்று அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2006 ஜூலையில் பொதுமக்களை எச்சரித்தது. 'உணவுத் தரம்' என்பது தொழிற்சாலைக்குச் சொல்லப்படும் தூய்மை அளவு. அதற்கும் குடிப்பதற்கும் சம்பந்தமே இல்லை.

இப்படி ஒருவர் குடித்துவிட்டால் உடனிருப்பவர்கள் முதலில் தொண்டையைத்தான் பார்க்கிறார்கள். வாய் வெந்திருக்கிறதா, விழுங்க முடிகிறதா என்று கேட்கிறார்கள். தவறில்லை. ஆனால் இந்த ரசாயனத்தில் ஆளை முடக்கிப் போடுகிற சேதம் பல நேரம் மூளையில் நடக்கிறது. வாய் ஓரளவு நன்றாக இருக்கும்போதே ஒரு கை தூக்க வராமல் போகலாம். ஆகவே எந்தச் சிகிச்சை, எந்த ஊர் என்கிற முடிவை மூளையின் அறிகுறிகளை வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. குடித்த அளவும் தொண்டை எரிச்சலும் அதற்கு அடுத்த இடத்தில்தான் வரும்.

மூளைக்கு அது எப்படிப் போகிறது?

நம் திசுக்களிலும் ரத்த அணுக்களிலும் கேட்டலேஸ் என்ற நொதி இருக்கிறது. பெராக்சைடு அதன் கையில் பட்டவுடன் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைகிறது. காயத்தில் ஊற்றினால் நுரைப்பது இதனால்தான். 30% கரைசலை '100 வால்யூம்' என்று சொல்வதன் பொருள், ஒரு மில்லிலிட்டர் திரவம் முழுதாகச் சிதைந்தால் 100 மில்லிலிட்டர் ஆக்சிஜன் வரும் என்பது. 50% கரைசலில் அது ஏறத்தாழ 200 ஆகிறது. ஒரு மடக்குக்கு எத்தனை லிட்டர் வாயு என்று பெருக்கிப் பாருங்கள். ஏப்பமாகப் போவது போக, மீதி இரைப்பைச் சுவர் வழியாக ரத்தத்துக்குள் குமிழிகளாக நுழைகிறது. முதலில் குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் ரத்தக்குழாய், பிறகு இதயத்தின் வலப்பக்கம், பிறகு நுரையீரல். சாதாரணமாக நுரையீரல் இந்தக் குமிழிகளை வடிகட்டிவிடும். குமிழி அதிகமானால் வடிகட்டியையும் தாண்டிவிடும். இதயத்தின் மேலறைச் சுவரில் கருவிலிருந்தே இருக்கும் சிறு துளை சுமார் நான்கு பேரில் ஒருவருக்கு முழுதாக மூடாமலே இருக்கிறது. அவருக்கே அது தெரிந்திருக்காது. அந்தத் துளை வழியாகக் குமிழிக்கு நேர்வழி கிடைக்கிறது. மூளையின் நுண்ணிய தமனிகளில் குமிழிகள் போய் அடைத்துக்கொண்டால் அதுவும் ஒரு பக்கவாதம்தான். ரத்தக்கட்டி செய்கிற வேலையை இங்கே வாயு செய்கிறது.

மற்ற ரசாயனங்களோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காக ஒரு வார்த்தை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற மெத்தனால் வேறு வழியில் வேலை செய்கிறது. உடலில் அது ஃபார்மிக் அமிலமாக மாறி, பார்வை நரம்பையும் மூளையின் ஆழத்தில் உள்ள பகுதிகளையும் அழிக்கிறது. அதற்கு மாற்று மருந்தும் டயாலிசிஸும்தான் வழி. மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் புகுந்து மூச்சைக் கெடுக்க, அதன் பின்விளைவாக மூளை வாடுகிறது. கழிப்பறை அமிலம் உணவுக்குழாயை அரித்து, அதிர்ச்சி நிலையில் ரத்த ஓட்டம் குறைந்து மூளையைப் பாதிக்கலாம். இவற்றில் எதற்கும் கீழே சொல்லப்போகும் ஒப்பீடு பொருந்தாது. 'கெமிக்கல் குடித்துவிட்டார்' என்று மட்டும் சொல்லி ஆம்புலன்சில் ஏற்றினால் மருத்துவர் இருட்டில் தடவ வேண்டியதுதான். கேனின் லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.

முதல் தேர்வு: வீட்டிலேயே பார்த்துக்கொள்வது

மருந்துக்கடையில் காயம் கழுவ வாங்கும் சிறு பாட்டில் பெரும்பாலும் 3%. பெரியவர் ஒருவர் அதில் ஒரு வாய் தவறுதலாகக் குடித்து, லேசான வயிற்றுப் பிரட்டல் தவிர வேறு ஒன்றும் இல்லையென்றால் வீட்டில் இருந்து கவனிப்பது பெரும்பாலும் போதும். அதையும் நஞ்சுத் தகவல் மையத்தைக் கேட்டுக்கொண்டு செய்வதுதான் முறை. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் தேசிய நஞ்சுத் தகவல் மையம் இருக்கிறது. 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்த நேரமும் பேசலாம். 3% கரைசலிலேயே வாயு அடைப்பு வந்த அரிதான நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் உண்டு. ஆகவே குழந்தை குடித்திருந்தாலோ, அளவு தெரியாவிட்டாலோ, வயிறு உப்பினாலோ வீடு என்ற தேர்வை விட்டுவிட வேண்டும்.

அழகு நிலையத்தில் முடிச்சாயத்தோடு கலக்கும் பாட்டிலில் சதவீதம் இருக்காது. 20, 30, 40 வால்யூம் என்று இருக்கும். முறையே 6%, 9%, 12%. இந்தக் கணக்கு தெரியாமல் '20 வால்யூம்' என்பதை 20% என்று சொல்லி மருத்துவரைக் கலங்கடிப்பவர்களும் உண்டு. எதிர்ப்புறமாக, அழகுப் பொருள்தானே என்று அலட்சியமாக இருப்பவர்களும் உண்டு. பொதுவாக 10 சதவீதத்துக்கு மேல் உள்ளதைத்தான் மருத்துவர்கள் 'அடர்த்தியானது' என்று கணக்கில் எடுக்கிறார்கள். அதற்கு மேல் போனால், ஆள் எழுந்து நின்று சிரித்துப் பேசினாலும் மருத்துவமனைதான்.

வீட்டு வைத்தியம் என்ற பெயரில் நடப்பவற்றை இங்கேயே தள்ளிவிடலாம். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், புளிக்கரைசல் என்று எதையாவது கொடுத்து வாந்தி எடுக்கவைப்பது நம் ஊரில் நஞ்சு என்றாலே கை தானாகப் போகிற பழக்கம். இந்த விஷயத்தில் அது கேடு. நுரைத்து மேலே வரும் திரவம் நுரையீரலுக்குள் போகும். வெந்த உணவுக்குழாய் இரண்டாம் முறை வேகும். வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். மல்லாந்து படுக்கவையுங்கள். தானாக வாந்தி வந்தால் மட்டும் ஒருக்களித்துத் திருப்புங்கள். தலையைத் தாழ்த்தி, காலை உயர்த்துவது முன்பு சொல்லப்பட்ட முறை. மூளை வீக்கத்தை அது கூட்டும் என்பதால் இப்போது கைவிட்டுவிட்டார்கள். 108-ஐ அழைத்துவிடுங்கள்.

இரண்டாம் தேர்வு: அருகில் உள்ள மருத்துவமனையில் ஆக்சிஜனும் கண்காணிப்பும்

பெரும்பாலோருக்கு நடைமுறையில் கிடைப்பது இதுதான். பலருக்கு இது போதுமானதாகவும் இருக்கிறது. அமெரிக்க நஞ்சு மையங்களில் 2001 முதல் 2011 வரை பதிவான அடர்த்தியான பெராக்சைடு நிகழ்வுகள் 294-ஐ ஒரு ஆய்வு தொகுத்தது. அவர்களில் 41 பேருக்கு வாயு அடைப்பின் தடயம் தெரிந்தது. 20 பேர் இறந்தார்கள் அல்லது நிலையான ஊனத்தோடு இருந்தார்கள். அதாவது ஏழு பேரில் ஒருவருக்கு அடைப்பு. மற்ற ஆறு பேரும் வாயு அடைப்பு இல்லாமலே தப்பினார்கள் என்பதைப் பார்த்தால் எல்லோரையும் அழுத்த அறை (காற்றழுத்தத்தைக் கூட்டிச் சுத்த ஆக்சிஜன் கொடுக்கும் மூடிய அறை) தேடி ஓடவைக்கத் தேவையில்லை என்று தோன்றும். சரிதான். ஆனால் அந்த ஏழாவது ஆள் யார் என்று வாசலில் நிற்கும்போது தெரியாது என்பதுதான் சிக்கல். சிலருக்கு அறிகுறி ஏறத்தாழ ஒரு நாள் கழித்தும் வந்திருக்கிறது. ஆகவே இந்தத் தேர்வின் உயிர் கண்காணிப்பில்தான் இருக்கிறது. இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு 'ஒன்றும் இல்லை, போகலாம்' என்று அனுப்பினால் அது இரண்டாம் தேர்வாகாது. முதல் தேர்வையே மருத்துவமனைக் கட்டணத்தோடு செய்ததாகத்தான் ஆகும்.

முகமூடி வழியாக முழு ஆக்சிஜன் கொடுப்பதைப் பற்றி ஒரு நியாயமான கேள்வி உண்டு. ஊசி, குழாய் வழியாகக் காற்று ரத்தத்தில் புகுந்தால் அந்தக் குமிழியில் பெரும்பகுதி நைட்ரஜன். நோயாளி சுத்த ஆக்சிஜனை மூச்சிழுத்தால் ரத்தத்தில் நைட்ரஜன் குறைந்து, குமிழியிலிருந்து நைட்ரஜன் வெளியேறி அது சுருங்கும். பெராக்சைடில் உருவாவதோ ஆக்சிஜன் குமிழியே. ஆக்சிஜனை வைத்து ஆக்சிஜனை எப்படி விரட்டுவது? பதில் இரண்டு பகுதியாக இருக்கிறது. ஆக்சிஜன் குமிழியை உடல் திசுவே தின்றுவிடும் என்பதால் நைட்ரஜன் குமிழியைவிட அது சீக்கிரம் கரைய வாய்ப்பு அதிகம்; நோயாளி வெறும் காற்றை இழுத்துக்கொண்டிருந்தால் அந்தக் குமிழிக்குள் நைட்ரஜன் புகுந்து அதன் ஆயுளை நீட்டும், முகமூடி அதைத் தடுக்கிறது. இன்னொன்று, அடைப்புக்கு அப்பால் பட்டினி கிடக்கும் மூளைத் திசுவுக்குச் சுற்றியுள்ள ரத்தத்திலிருந்து கொஞ்சமாவது ஆக்சிஜன் கசிந்து போய்ச் சேர வேண்டும். இவை தர்க்கப்படி சரி. ஆனால் முகமூடியால் குமிழியை அமுக்க முடியாது. அதன் எல்லை அதுதான்.

இங்கே செய்யக்கூடிய பரிசோதனைகளில் வயிற்று சி.டி. பயனுள்ளது, கல்லீரலில் கிளை கிளையாக வாயு தெரியும். தலை சி.டி.யை நம்பி ஏமாறக் கூடாது. குமிழி கரைந்துவிட்டால் படத்தில் ஒன்றும் தெரியாது; ஆனால் அது விட்டுப்போன சேதம் அப்படியே இருக்கும். எம்.ஆர்.ஐ.யில்தான் அந்தச் சேதம், மூளையின் இரு பக்கமும், பெரிய தமனிகளின் எல்லைப் பகுதிகளில், சிதறிய புள்ளிகளாகத் தெரிகிறது. எம்.ஆர்.ஐ. சிறந்தது என்பதற்காக அதற்காகக் காத்திருப்பது சிறந்தது என்று ஆகிவிடாது. கை விழுந்திருக்கிறது, பெராக்சைடு குடித்தது தெரியும் என்றால் படம் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

கல்லீரலில் மட்டும் வாயு தெரிகிறது, மூளை தெளிவாக இருக்கிறது. இந்த நிலையில் என்ன செய்வது என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. அழுத்த அறை வயிற்று வலியைச் சீக்கிரம் தீர்க்கிறது என்று ஒரு சாரார். தானாகவே ஓரிரு நாளில் வாயு மறைந்துவிடுகிறது என்று இன்னொரு சாரார். இரண்டும் நடந்திருக்கிறது. நான் இரண்டாம் சாராரின் பக்கம், ஆனால் ஒரு நிபந்தனையோடு. அழுத்த அறை உள்ள மருத்துவமனையோடு அந்த நேரமே தொலைபேசியில் பேசி, தேவைப்பட்டால் அனுப்புவோம் என்று சொல்லி வைத்திருக்க வேண்டும்.

மூன்றாம் தேர்வு: அழுத்த அறை

அழுத்த அறையில் கொடுக்கும் ஹைபர்பாரிக் ஆக்சிஜன் சிகிச்சை, கடலுக்கடியில் மூழ்குபவர்களுக்காக வளர்ந்த வைத்தியம். தூத்துக்குடியின் சங்குகுளி மீனவர்கள் ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்து கை கால் முடங்கிப் போவதும் குமிழிகளால்தான். மும்பையில் கடற்படையின் அஸ்வினி மருத்துவமனை வளாகத்தில் இதற்கென்றே கடற்படை மருத்துவ நிறுவனம் இருக்கிறது. மூளையில் வாயு அடைத்தால் உலகெங்கும் பெரும்பாலும் பின்பற்றுவது அமெரிக்கக் கடற்படையின் ஆறாம் எண் அட்டவணை. 18 மீட்டர் ஆழத்துக்கு இணையான 2.8 அட்மாஸ்ஃபியர் அழுத்தத்தில் தொடங்கி, நடுநடுவே காற்று இடைவேளைகளோடு, மொத்தம் நாலே முக்கால் மணி நேரம்.

அந்த அழுத்தத்தில் குமிழியின் கன அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிறது. விளம்பரங்கள் இத்தோடு நிறுத்திவிடும். ஆனால் உருண்டையின் விட்டம் அந்த வேகத்தில் குறையாது. அது சுமார் 70 சதவீதமாகத்தான் ஆகும். அடைத்த குமிழி நகர அதுவே போதுமானதாக இருக்கலாம். என் பார்வையில் அதைவிடப் பெரிய லாபம் வேறு. சாதாரணக் காற்றை மூச்சிழுக்கும்போது 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் சிவப்பணு அல்லாத நீர்ப்பகுதியில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் 0.3 மில்லிலிட்டர்தான். 3 அட்மாஸ்ஃபியரில் சுத்த ஆக்சிஜன் இழுத்தால் அது சுமார் 6 மில்லிலிட்டர் ஆகிறது. ஓய்வில் இருக்கும் திசு உயிர்வாழ ஏறத்தாழ அதுவே போதும். சிவப்பணு நுழைய முடியாத இடத்துக்கும் அது ஊடுருவும். வாயு அழுத்தத்தில் திரவத்தில் கரைவது கூடுவதால் குமிழியும் வேகமாக மறைகிறது.

இத்தனையும் சொன்ன பிறகு, குறைகளையும் சொல்ல வேண்டும். பெராக்சைடு அடைப்புக்கு, நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி இரு குழுவாகப் பிரித்து, அழுத்த அறையை முகமூடியோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு எதுவும் கிடையாது. நிகழ்வே அரிது. நம்மிடம் இருப்பவை நோயாளிகளின் தனித்தனி வரலாறுகளும் சிறு தொகுப்புகளும்தான். பேச்சு வராமல் உள்ளே போனவர் பேசிக்கொண்டே வெளியே வந்தார் என்பது போன்றவை அவற்றில் உண்டு. நன்றாக ஆனவர்களைப் பற்றித்தான் மருத்துவர்கள் கட்டுரை எழுதுவார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அழுத்தத்தால் காது வலிக்கும், செவிப்பறை கிழியலாம். அரிதாக ஆக்சிஜன் மிகுந்து வலிப்பு வரலாம். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருந்தால் குழாய் போடாமல் உள்ளே அனுப்பவே கூடாது. பெராக்சைடு இரைப்பையையோ உணவுக்குழாயையோ ஓட்டை போட்டிருக்கலாம் என்பதால் இதைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். வெந்த தொண்டையை அழுத்த அறை ஆற்றாது.

அறையிலும் வகை உண்டு. கண்ணாடிக் குழாய் போன்ற ஒற்றை ஆள் அறையில் நோயாளி தனியாகப் படுத்திருப்பார். நடுவில் வலிப்பு வந்தால் செவிலியரால் உடனே தொட முடியாது. செயற்கைச் சுவாசத்தில் இருப்பவருக்கு, மருத்துவரும் கூடவே உள்ளே அமரக்கூடிய பெரிய அறை வேண்டும். அது எல்லா ஊரிலும் இல்லை. இப்போது நகரங்களில் இளமைக்கும் சரும அழகுக்கும் என்று காற்றடைத்த மெத்தைப் பை போன்ற அறைகளை வைத்திருக்கிறார்கள். அவற்றின் அழுத்தம் சுமார் 1.3 அட்மாஸ்ஃபியர். 'ஹைபர்பாரிக்' என்று பலகையில் எழுதியிருக்கிறது என்பதற்காக அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் நேரம்தான் பாழ். உண்மையான அறை வைத்திருக்கும் மருத்துவமனைகளிலும் பல, சர்க்கரை நோயாளிகளின் ஆறாத கால் புண்ணுக்காகப் பகலில் மட்டும் அதை இயக்குகின்றன. இரவு பத்து மணிக்கு இயக்க ஆள் உண்டா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

எப்போது எது?

வலிப்பு, குழப்பம், ஒரு பக்கம் செயலிழப்பு, பார்வை மங்குதல், பேச்சுக் குளறல், நினைவிழப்பு. இவற்றில் எது வந்தாலும், குடித்தது அடர்த்தியான பெராக்சைடு என்று தெரிந்தால், நான் மூன்றாம் தேர்வைத்தான் சொல்வேன். அதுவரை முகமூடி ஆக்சிஜன். ஆதாரம் மெலிந்தது என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். ஆனால் இங்கே எதிர்த்தட்டில் இருப்பது வாழ்நாள் முழுக்க ஒரு கை இல்லாமல் போவது. அறையால் வரக்கூடிய தீங்கோ பெரும்பாலும் காதோடு நிற்கிறது. இந்தத் தராசில் எனக்குத் தயக்கம் இல்லை.

இந்த நோயாளி பக்கவாதப் பிரிவுக்குள் நேராகத் தள்ளப்பட்டால் ஒரு ஆபத்து காத்திருக்கிறது. திடீரென்று ஒரு பக்கம் விழுந்தவருக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவது இப்போது வழக்கமான, உயிர் காக்கும் வேலை. இவருக்கோ கரைக்கக் கட்டி இல்லை, இரைப்பையில் புண் இருக்கிறது, ரத்தம் கொட்டலாம். என்ன குடித்தார் என்ற செய்தி மருத்துவரின் காதுக்குப் போய்ச் சேராவிட்டால் இந்தத் தவறு நடக்க எல்லா வாய்ப்பும் உண்டு. அந்தச் செய்தி போகாமல் நிற்பதற்கு நம் வீடுகளில் ஒரு காரணம் உண்டு. தெரிந்தே குடித்திருந்தால் போலீஸ் வழக்காகும் என்று பயந்து 'மயங்கி விழுந்தார்' என்கிறார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர், வேறு விதமாக நிரூபிக்கப்படாதவரை, கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. மருத்துவரிடம் உண்மையைச் சொல்வதால் இழப்பதற்கு ஒன்றுமில்லை. அந்த மனநிலையில் இருப்பவரும் அவரோடு இருப்பவரும் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸின் 14416 எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

தூரம் அடுத்த கணக்கு. வாயு அடைப்பில் ஆறு மணி நேரத்துக்குள் அறைக்குள் போனவர்கள் அதிகம் தேறுகிறார்கள் என்பது பொதுவான அனுபவம். திருப்பூரிலிருந்து கோவை ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், சென்னை 450-க்கு மேல். பாதையில் மூச்சுக்குழாய் வீங்கி அடைத்தால் நெடுஞ்சாலையில் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே குரல் கரகரத்தவரையும் எச்சில் விழுங்க முடியாதவரையும் குழாய் போட்டுச் சுவாசத்தைப் பத்திரப்படுத்திய பிறகே ஏற்ற வேண்டும். வானூர்தியில் கொண்டுபோனால் உள்ளே தரைமட்ட அழுத்தம் இருக்க வேண்டும்; உயரம் ஏற ஏறக் குமிழி பெரிதாகும். ஊட்டியிலிருந்து ஒருவரைக் கீழே இறக்குவதால் கொஞ்சம் அழுத்தம் இலவசமாகவே கிடைக்கிறது, கீழே இருப்பவரை மேலே ஏற்றுவதோ முட்டாள்தனம்.

ஆறு மணி நேரம் கடந்துவிட்டது, ஒரு நாளே ஆகிவிட்டது, இனிப் போய்ப் பயன் உண்டா? தாமதமாகப் போய்த் தேறியவர்களும் பதிவில் இருக்கிறார்கள். அறிகுறி இன்னும் மாறிக்கொண்டிருந்தால், அதாவது கூடுவதும் குறைவதுமாக இருந்தால், அறை உள்ள மருத்துவமனையோடு பேசிப் பார்ப்பதில் பொருள் உண்டு. நிலைத்துவிட்ட செயலிழப்போடு ஒரு வாரம் கழித்து, நாற்பது அமர்வு எடுத்தால் எழுந்து நடப்பார் என்று யாராவது 'பேக்கேஜ்' விலை பேசினால் அந்தப் பணத்தை நல்ல பிசியோதெரபிக்குச் செலவிடுங்கள். மூளைப் பக்கம் தேறி வீட்டுக்கு அனுப்பும்போது எண்டோஸ்கோப்பிக்கான தேதியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆழமாக வெந்த உணவுக்குழாய் சில வாரங்கள் கழித்துச் சுருங்கி, சோறு இறங்காமல் நிற்கக்கூடும்.